குதிரை வீரனும் கோப்பிப் பாத்திரமும்
உலோகத்தில் உறைந்த வாழ்வுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்க்கைமுறை செழித்திருக்கும் காலத்தில் அதற்கு எவரும் சிலை எடுப்பதில்லை. உழுபவன் உழுதுகொண்டிருக்கும்போது ஏர் வெறும் கருவியே. உழவு நின்றுபோகும் என்ற அச்சம் தோன்றிய பின்னரே ஏரின் படம் வீட்டுச் சுவரில் ஏறுகின்றது. மறையத் தொடங்கிய வாழ்வைக் கல்லிலும் உலோகத்திலும் பொறித்து வைக்க மனிதர் விரைவது உலக வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு செயல்.

இதற்கு இரண்டு சான்றுகளை இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று, அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறம் பற்றிய வெண்கலச் சிற்பங்கள். மற்றையது, எம்மவர் பலர் வியர்வை சிந்தி உழைத்த, இன்றும் உழைக்கின்ற வளைகுடா நாடுகள். முன்னையது குதிரை வீரனை வார்த்தது. பின்னையது கோப்பிப் பாத்திரத்தைப் பொறித்தது. இரண்டிலும் எது இடம்பெற்றது, எது விடுபட்டது என்று நோக்குவது நாடிழந்து வாழும் எமக்குப் பயன் தரும்.

மூடிய எல்லையும் எரிந்த உலையும்

ஐரோப்பியக் குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கக் கண்டத்தில் மேற்கு நோக்கி நகர்ந்தனர். அவர்களது குடியிருப்புகள் முடிந்து, அவர்கள் 'வெற்று நிலம்' என்று அழைத்த பரப்புத் தொடங்கும் இடமே எல்லைப்புறம் எனப்பட்டது. அந்நிலம் வெற்று நிலமன்று. பல நூறு பூர்வீகக் குடிகளின் தாயகம் என்பதை நாம் மறத்தலாகாது. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் பின்னர், எல்லைப்புறக் கோடு என ஒன்றை இனி வரைய முடியாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள், வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இராணுவத்தினால் கொன்று குவிக்கப்பட்டனர். 1893இல் பிரடெரிக் ஜாக்சன் டேர்னர் என்ற வரலாற்றாசிரியர், எல்லைப்புறமே அமெரிக்கரின் குணத்தை உருவாக்கியது என்றும், அதன் காலம் முடிந்துவிட்டது என்றும் சிக்காகோவில் கட்டுரை வாசித்தார்.

மாட்டு மந்தைகளைக் குதிரைமீதிருந்து சாய்த்துச் சென்ற 'கௌபோய்' எனப்படும் இடையரின் வாழ்வும் அப்போது முடிவை நெருங்கியிருந்தது. திறந்த மேய்ச்சல் நிலங்களை முட்கம்பி வேலி கூறுபோட்டது. நெடுந்தூர மந்தைப் பயணத்தைப் புகையிரதம் தேவையற்றதாக்கியது. 1886-87ஆம் ஆண்டின் கடுங்குளிர் பெருந்தொகை மாடுகளைக் கொன்றது. திரைப்படங்களில் முடிவற்றதாகத் தோன்றும் அவ்வாழ்வு உண்மையில் ஒரு தலைமுறைக்கு மேல் நீடிக்கவில்லை.

அது முடிந்த தறுவாயில், 1895இல், பிரடெரிக் ரெமிங்டன் தமது முதல் வெண்கலச் சிற்பத்தை வெளியிட்டார். 'முரட்டுக் குதிரையை அடக்குபவன்' என்பது அதன் பொருள். ஏறத்தாழ இரண்டடி உயரம். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குதிரை. அதன் பிடரியைப் பற்றிய கை. மறு கையில் சாட்டை. ரெமிங்டன் மேற்கில் பிறந்தவரல்லர். 1861இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்து, 1881இல் முதன்முதலாக மொன்டானாப் பகுதிக்குச் சென்று, பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து புகழ் பெற்றவர். 1898இல் கியூபாப் போரிலிருந்து மீண்ட தன்னார்வக் குதிரைப்படையினர், தம் தளபதி தியடோர் ரூஸ்வெல்ற்றுக்கு இச்சிற்பத்தின் ஒரு வார்ப்பையே அன்பளிப்புச் செய்தனர். பிற்காலத்தில் பல ஜனாதிபதிகளின் ஆட்சியில் அதன் வார்ப்பொன்று வெள்ளை மாளிகை அலுவலகத்திலும் இடம்பிடித்தது.

இங்கு எம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரெமிங்டன் முதலில் மணல் அச்சில் வார்ப்பித்தார். 1900ஆம் ஆண்டளவில் ரிக்கார்டோ பேர்ட்டெல்லி என்ற இத்தாலியரின் நியூயோர்க் வார்ப்பாலைக்கு மாறி, மெழுகு வார்ப்பு முறையைக் கைக்கொண்டார். அடிப்படையில் இது சுவாமிமலைச் சிற்பாசாரிகள் இன்றும் கையாளும் அதே முறை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வர். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுவர். மெழுகு விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். பின்னர் மண் அச்சை உடைப்பர். சோழர் காலத்து ஆடவல்லானும் ரெமிங்டனின் குதிரை வீரனும் தொழில்நுட்ப வகையில் உறவினரே.

வார்ப்பில் இடம்பெறாதோர்

இத்தகைய சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கச் சிறுவன், மேற்கு நிலத்தை உருவாக்கியவன் தனித்து நிற்கும் வெள்ளைக் குதிரை வீரன் என்றே நம்பினான். உண்மை வேறு. இடையருள் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என மதிப்பிடும் வரலாற்றாசிரியர் உளர். அவருட் பலர் அடிமைத்தளையினின்று விடுபட்டு வந்தவர்கள். மெக்சிக்கோ நாட்டு இடையரிடமிருந்தே கயிற்று வளையம் வீசுதல் முதலான கலைகளை மற்றோர் கற்றனர். 1869இல் நிறைவெய்திய கண்டங்கடந்த புகையிரதப் பாதையின் மேற்குப் பகுதியை மலை குடைந்து அமைத்தோர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர். 1882இல் அந்நாடு சட்டம் இயற்றி, சீனத் தொழிலாளர் மேலும் உள்வருவதைத் தடுத்தது. பாதை வேண்டும், பாதை அமைத்தவன் வேண்டாம் என்ற நீதி அது.

பூர்வீகக் குடிகள் சிற்பங்களில் இடம்பெறாமல் இல்லை. ஆனால் எவ்வாறு இடம்பெற்றனர்? 1915இல் சான் பிரான்சிஸ்கோக் கண்காட்சியில் ஜேம்ஸ் ஏர்ள் பிரேசரின் 'பாதையின் முடிவு' என்ற பெருஞ்சிலை வைக்கப்பட்டது. களைத்துத் தளர்ந்த குதிரைமீது, ஈட்டி சரிய, தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் பூர்வீக வீரன். பார்த்தோர் கண்ணீர் விட்டனர் என்பர். சிற்பி இரக்கத்துடனேயே அதைச் செய்தார். ஆயினும் அச்சிலை சொன்ன செய்தி, 'இவர்கள் முடிந்துபோனவர்கள்' என்பதே. உயிருடன் இருக்கும் ஒரு மக்களை, இறந்தவர்களாகப் பாராட்டுதலும் ஒருவகை அநீதியேயாம்.

செம்பு மலையும் முத்துக் கடலும்

இனி வளைகுடாவுக்கு வருவோம். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னர் அங்கே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற எண்ணம் எம்மவரிடையேயும் உண்டு. அது தவறு. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. அச்செம்பை உலகுக்கு வழங்கிய தொன்மையான நிலங்களுள் ஒன்று, இன்றைய ஓமானும் ஐக்கிய அரபு இராச்சியமும் பகிர்ந்துகொள்ளும் ஹஜர் மலைத்தொடர். சுமேரியர் தம் களிமண் ஏடுகளில் 'மகன்' எனக் குறித்த செம்பு நாடு அதுவே என்பது அறிஞர் துணிபு. அச்செம்பு பெருமளவு 'தில்முன்' எனப்பட்ட பஹ்ரெய்ன் வழியாக ஊர் முதலிய நகரங்களுக்குச் சென்றது. கி.மு. 1750 அளவில், எயா-நாசிர் என்ற வணிகன் தரக்குறைவான செம்பைத் தந்துவிட்டான் என்று வாடிக்கையாளன் ஒருவன் எழுதிய முறைப்பாட்டு ஏடு இன்றும் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. வணிகமும் வழக்கும் அன்றே உடன்பிறந்தவை!

பஹ்ரெய்னின் பார்பார் கோயிலை 1954 முதல் அகழ்ந்த டென்மார்க் நாட்டு ஆய்வாளர், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழைமையுடைய செம்பினாலான காளைத் தலை ஒன்றைக் கண்டெடுத்தனர். டுபாய்ப் பாலைவனத்தில் 2002இல் கண்டறியப்பட்ட சாரூக் அல் ஹதீத் என்ற இடத்தில், இரும்புக் காலத்தைச் சேர்ந்த வெண்கலப் பாம்பு உருவங்கள் பல கிடைத்தன. உருவம் வார்க்கும் கலை அம்மண்ணுக்குப் புதிதன்று.

பிற்காலத்தில் அக்கடலோர மக்களின் வாழ்வு முத்தைச் சார்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடா முழுவதிலும் சுமார் 4,500 படகுகளும் 74,000 பேரும் முத்துக்குளிப்பில் ஈடுபட்டிருந்தனர் எனப் பிரித்தானிய அதிகாரி லோரிமர் தொகுத்த விவரத் திரட்டுக் கூறுகின்றது. மூக்கில் கவ்வி, காலில் கல், கழுத்தில் கூடை; மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்குபவன் ஒருவன், கயிற்றை இழுத்து மேலேற்றுபவன் ஒருவன். குளிப்பவன் கப்பல் தலைவனிடம் முற்பணம் பெற்றுக் கடனாளியாகவே வாழ்ந்தான். தந்தையின் கடன் மைந்தன் தலையில் ஏறியதும் உண்டு. கிழக்காபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அக்கடலில் மூழ்கினர்.

இவ்வாழ்வு எமக்கு அந்நியமானதன்று. மன்னார்க் கடலும் முத்து விளைந்த கடலே. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற பெரும் முத்துக்குளிப்பின்போது, வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளிப்போரும் எம் கரையோரத் தமிழ் பேசும் குளிப்போரும் ஒரே கடலில் மூழ்கினர். இன்று நாம் அவர்களது நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்கின்றோம். அன்று அவர்கள் எம் கரைக்கு வந்தனர். செல்வம் கரை மாறும். உழைப்பவன் அதன்பின்னே போவான்.

ஜப்பானில் மிக்கிமோத்தோ 1893இல் வளர்ப்பு முத்தை ஆக்குவதில் முதல் வெற்றி கண்டார். 1920களில் அம்முத்துகள் சந்தைக்கு வந்தன. 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வளைகுடாவின் முத்துத் தொழில் நிலைகுலைந்தது. பல கரையோர ஊர்களில் பஞ்சம் புகுந்தது. 1932இல் பஹ்ரெய்னிலும், 1958இல் அபுதாபியிலும், 1966இல் டுபாயிலும் எண்ணெய் கண்டறியப்பட்டது. அமெரிக்க எல்லைப்புறத்தைப் போலவே, ஒரு தலைமுறைக்குள் ஒரு வாழ்வு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

ஆள் இல்லாச் சிற்பங்கள்

மறைந்த வாழ்வை வளைகுடா மக்கள் எதில் பொறித்தனர்? எம்மவருள் அங்கு உழைத்தோர் அதனைத் தம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தனர். ஐக்கிய அரபு இராச்சியம் 1971இல் உருவாகி, 1973இல் தன் சொந்த நாணயங்களை வெளியிட்டது. அவற்றுள் 1, 5, 10 பில்ஸ் ஆகிய சிறு காசுகள் வெண்கலத்தால் ஆனவை. ஒரு பில்ஸில் பேரீச்ச மரம். ஐந்து பில்ஸில் மீன். பத்து பில்ஸில் பாய்க்கப்பல். செம்பும் நிக்கலும் கலந்த பெரிய காசுகளில், 25 பில்ஸில் மான். 50 பில்ஸில் எண்ணெய்க் கோபுரங்கள். ஒரு திர்ஹத்தில் 'தல்லா' எனப்படும் நீண்ட மூக்குடைய கோப்பிப் பாத்திரம். தோட்டம், கடல், பாலை, எண்ணெய், விருந்தோம்பல் என ஒரு நாட்டின் கதை முழுவதும் ஆறு காசுகளில் அடங்கிவிட்டது. கூடாரத்துக்கு வந்த வழிப்போக்கனுக்குப் பெயர் கேட்கும் முன்னரே கோப்பி வார்த்த பாலைவன மரபுக்கு மிக உயர்ந்த காசில் இடம் தந்தமை போற்றற்குரியது.

ஆயினும் நோக்குக: கப்பல் உண்டு, மாலுமி இல்லை. பாத்திரம் உண்டு, வார்க்கும் கை இல்லை. இதற்குச் சமயக் காரணம் உண்டு. வழிபாட்டுக்கு இடமாகிவிடுமோ என்ற தயக்கத்தால், மனித உருவத்தைப் பொது இடத்தில் நிறுவுவதை அம்மரபு பெரும்பாலும் தவிர்த்தது. 2013இல் கட்டாரின் டோஹாக் கடற்கரையில், காற்பந்து வீரர் சிடான் எதிரணி வீரரை மோதும் காட்சியைச் சித்திரிக்கும் ஐந்து மீற்றர் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. எதிர்ப்பு எழுந்தமையால் சில வாரங்களில் அது அகற்றப்பட்டது. 2022இலேயே அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. அதுவும் விளையாட்டு நூதனசாலை ஒன்றில்.

பொருளைப் பொறித்தாலும் பாதுகாப்பு உறுதியன்று. பஹ்ரெய்னில் 1982இல் ஆறு பாய்கள் ஒரு முத்தைத் தாங்குவதுபோல் எழுப்பப்பட்ட கொங்கிரீட் சின்னம், ஆறு வளைகுடா நாடுகளின் ஒற்றுமையையும் முத்துக்குளிப்பு மரபையும் குறித்தது. 2011இல் மக்கள் கிளர்ச்சி அதன் அடியில் மையங்கொள்ளவே, அரசு மார்ச் மாதத்தில் அதனை இடித்தது. அதன் உருவம் தாங்கிய 500 பில்ஸ் காசும் புழக்கத்திலிருந்து மீளப்பெறப்பட்டது. இடிப்பு வேலையின்போது புலம்பெயர் தொழிலாளி ஒருவர் நசுங்கி மாண்டார். அச்சின்னத்தின் கதையில் அவர் பெயரைச் சொல்வோர் அரிது.

இங்கேதான் எம் மனம் தங்குகின்றது. எண்ணெய்க்குப் பிந்திய வளைகுடாவைக் கட்டியெழுப்பியோர் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளிகள், நேபாளிகள், பிலிப்பைன்ஸ் மக்கள், இலங்கையர். தாரை ஊற்றியவரும், சாரத்தில் ஏறியவரும், பிறர் பிள்ளையைத் தாலாட்டித் தம் பிள்ளையைத் தொலைபேசியில் வளர்த்த தாய்மாரும் இவர்களே. அமெரிக்காவின் சீனத் தொழிலாளரைப் போன்று, இவர்களும் வார்ப்பில் இடம்பெறவில்லை. நாடிழந்தோருக்கு அங்கு தஞ்சமும் எளிதன்று. வளைகுடாக் கூட்டுறவு மன்றத்தின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. வேலை முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் போர் நடக்கும் ஊருக்கேனும் திரும்பியாக வேண்டும் என்ற நிலையில் எம்மவர் எத்தனை பேர் உறங்காதிருந்தனர் என்பதை வாசகர்கள் அறிவர்.

அபுதாபியின் சாதியாத் தீவில் 2017 நவம்பரில் திறக்கப்பட்ட லூவர் நூதனசாலையில் சோழர் காலத்து ஆடவல்லான் வெண்கலத் திருவுருவம் ஒன்று உண்டு. உலகம் அதனை வியக்கின்றது. வார்த்த தமிழ்ச் சிற்பாசாரியின் பெயர் அதில் இல்லை. அதைத் தாங்கும் மண்டபத்தைக் கட்டிய தெற்காசியத் தொழிலாளரின் பெயர்களும் அங்ஙனமே. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரு சாராரும் ஒரே கூரையின்கீழ்ப் பெயரின்றி நிற்கின்றனர்.

புதைத்தவையும் மீண்டும் வார்த்தவையும்

இவ்வாறாயின், பெயரற்றோருக்கு வழி யாது? வரலாறு இரு வழிகளைக் காட்டுகின்றது.

முதலாவது, காத்தல். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலான வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. ஆபத்து வருவதைக் கண்டு புதைத்த கைகளின் பெயர்கள் எமக்கு எட்டவில்லை. தாம் மீண்டும் தோண்டி எடுப்போம் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். எடுத்தவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட தலைமுறையினர். ஆயினும் புதைத்தமையாலேயே எடுக்க முடிந்தது.

இரண்டாவது, தாமே வார்த்தல். 1886இல் ஜெரோனிமோ சரணடைந்தபின், சிரிக்காகுவா அப்பாச்சி மக்கள் முழுவதும் போர்க்கைதிகளாக்கப்பட்டு, புளோரிடா, அலபாமா, ஒக்லஹோமா என இடம்விட்டு இடம் பெயர்க்கப்பட்டனர். போரிடாத பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் அச்சிறை நீடித்தது. விடுதலைக்குப் பின், 1914இல், அம்மக்களிடையே பிறந்தவர் அலன் ஹவுசர். தந்தை சொல்லிய கதைகளையும் பாடிய பாடல்களையும் கேட்டு வளர்ந்தார். சிற்பியானார். சான்ரா பே நகரின் பூர்வீக அமெரிக்கர் கலை நிறுவகத்தில் 1962 முதல் ஆசிரியராக இருந்து, ஒரு தலைமுறைச் சிற்பிகளை உருவாக்கினார். 1994இல் மறைந்தார்.

அவர் வார்த்த வெண்கலங்களில் தலைகவிழ்ந்த வீரனைப் பெரிதும் காணோம். குழந்தையை அணைத்த தாய், வானை நோக்கி வில்வளைத்த இளைஞன், நிமிர்ந்து நிற்கும் பெண்கள் ஆகியோரையே காண்கின்றோம். 1989இல் ஒக்லஹோமா மாநில அரச மாளிகையின் முன் நிறுவப்பட்ட அவரது பெண் சிலைக்கு 'நீர் ஓடும் காலம்வரை' என்று பெயர். நீர் ஓடும் காலம்வரை இந்நிலம் உங்களுக்கே என்று பூர்வீகக் குடிகளுக்கு அளிக்கப்பட்டு, பின் மீறப்பட்ட வாக்குறுதியை அது நினைவூட்டுகின்றது. கைதிகளின் மகன், கைதாக்கிய அரசின் வாசலிலேயே தன் மக்களை நிமிர்த்தி நிறுத்தினான். 'பாதையின் முடிவு' என்ற சிலைக்கு அதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

எம் கடமை

எம்மிடம் உலையும் இல்லை, உலோகமும் இல்லை. ஆனால் அலன் ஹவுசரின் தந்தையிடமும் அவை இருக்கவில்லை. அவரிடம் இருந்தது சொல். அதைக் கேட்கும் பிள்ளை இருந்தான். வெண்கலம் பின்னரே வந்தது.

எம் வீடுகளில் முதியோர் இருக்கின்றனர். துலா மிதித்தவர், பனையேறியவர், சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர், கரைவலை இழுத்தவர், நெசவு ஆலைக்குச் சென்றவர், ஆறுமுறை இடம்பெயர்ந்து ஏழாவது இடத்திலும் அடுப்பு மூட்டியவர், டுபாயில் பத்தாண்டு சமைத்து ஊரில் ஒரு குடும்பத்தைக் கரையேற்றியவர். இவர்களைப் பற்றி அந்நியர் ஒருநாள் சிலை வைக்கக்கூடும். அவர்கள் வைத்தால், தலைகவிழ்ந்த அகதி ஒருவரையே வைப்பர். இரக்கத்துடன்தான் வைப்பர். எம் பிள்ளைகள் அதைப் பார்த்து, 'இதுவே நாம்' என்று எண்ணிவிடுதல் கூடாது.

ஆகவே இவ்வார விடுமுறையில், பெற்றோர் தம் பிள்ளைகளை ஒரு கொப்பியுடன் பாட்டன் பாட்டியிடம் அமர்த்துதல் வேண்டும். செய்த தொழில், கையாண்ட கருவிகளின் பெயர்கள், உறுப்புகளின் பெயர்கள், வீட்டைவிட்டு வெளியேறிய நாள், கையில் எடுத்து வந்த பொருள், எடுக்காமல் விட்ட பொருள் ஆகியவற்றை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதச் செய்க. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், பின்னர் திருத்திக்கொள்ளலாம். முதியவரின் முழுப்பெயரையும் ஊர்ப்பெயரையும் மேலே எழுத மட்டும் மறவாதிருப்பீர்களாக.